சிப் மாறினால் நிரலும் மாற வேண்டுமா?

மைக்ரோகண்ட்ரோலர் என்பது கருவிகளுக்குள் இருக்கும் சின்னக் கணினிச் சிப். அதன் ஒரு பின்னில், அதாவது வெளியே நீளும் இணைப்புக் காலில், எல்இடி ஒன்று இருக்கிறது. அதை எரியவைக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். சிப் எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32எஃப்103, பின் சி போர்ட்டின் 13 என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்தப் போர்ட்டுக்கு, அதாவது பின்களின் தொகுதிக்கு, கிளாக் என்ற துடிப்பைக் கொடுக்க வேண்டும். அதற்கு ஏபிபி2 என்ற பஸ்ஸின் (சிப்புக்குள் தரவு போகும் பாதை) எனேபிள் ரெஜிஸ்டரில், அதாவது ஹார்டுவேரைக் கட்டுப்படுத்தும் மெமரி இடத்தில், ஒரு பிட்டை 1 ஆக்க வேண்டும். சி போர்ட்டின் ரெஜிஸ்டர்கள் ஹெக்ஸ் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) 40011000 என்ற முகவரியில் தொடங்குகின்றன. அங்கே சிஆர்ஹெச் என்ற ரெஜிஸ்டரில் 20 முதல் 23 வரையிலான நான்கு பிட்டுகளில் 'இது அவுட்புட், இன்ன வேகம்' என்று எழுத வேண்டும். அப்புறம் பிஎஸ்ஆர்ஆர் ரெஜிஸ்டரில் உரிய பிட்டை எழுதினால் பின்னின் நிலை மாறும்.

இப்போது அதே நிறுவனத்தின், அதே எஸ்டிஎம்32 வரிசையைச் சேர்ந்த எஃப்407-க்கு மாறுங்கள். கிளாக் எனேபிள் இப்போது ஏஹெச்பி1 பஸ்ஸில் இருக்கிறது. சிஆர்ஹெச் என்ற ரெஜிஸ்டரே கிடையாது. அந்த வேலையை மோடர், ஓடைப்பர் என்று நான்கைந்து ரெஜிஸ்டர்கள் பிரித்துக்கொள்கின்றன. பின் 13-க்கான பிட்டுகள் மோடரில் 26, 27. பழைய நிரலை மாற்றாமல் அப்படியே இதில் ஏற்றினால் என்ன ஆகும்? எஃப்103-இல் சி போர்ட் இருந்த 40011000 என்ற முகவரியில் எஃப்407-இல் யுஎஸ்ஏஆர்டி1 என்ற சீரியல் போர்ட் உட்கார்ந்திருக்கிறது. எல்இடிக்காக எழுதிய மதிப்பு சீரியல் போர்ட்டின் ரெஜிஸ்டருக்குப் போகும். கம்பைலர் எதையும் சொல்லாது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை அது வெறும் ஓர் எண்.

மைக்ரோகண்ட்ரோலர் நிரலாக்கத்தில் ஹார்டுவேர் அப்ஸ்ட்ராக்‌ஷன் லேயர், சுருக்கமாக ஹால், எதற்காக வந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பயன்பாட்டு நிரலுக்கும் ரெஜிஸ்டர்களுக்கும் நடுவே ஓர் அடுக்கு. மேலே இருப்பவர் 'இந்தப் பின்னை ஆன் செய்' என்பார். எந்த முகவரி, எந்த பிட் என்பது கீழே இருப்பவரின் கவலை. இதுவரை எல்லோரும் ஒத்துப்போவார்கள். சிக்கல் அடுத்த கேள்வியில் தொடங்குகிறது: அந்த அடுக்கு யாருடையது? ஒவ்வொரு சிப் நிறுவனமும் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்வதா, அல்லது எல்லோருக்கும் பொதுவாக ஒன்றா? பொது என்றால் எதைப் பொதுவாக்க முடியும், எதை முடியாது?

நிறுவனங்களின் சொந்த லைப்ரரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பின்னை ஆன் செய்ய எஸ்டியின் லைப்ரரியில் ஹால்_ஜிபிஐஓ_ரைட்பின் (ஜிபிஐஓ என்றால் பொதுப் பயன்பாட்டு இன்புட்-அவுட்புட் பின்). இஎஸ்பி32 சிப்பைத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃபின் ஐடிஎஃப் லைப்ரரியில் ஜிபிஐஓ_செட்_லெவல். ராஸ்பெரி பை பைக்கோவில் ஜிபிஐஓ_புட். என்எக்ஸ்பியில் ஜிபிஐஓ_பின்ரைட். ரெஜிஸ்டர் முகவரிகளோடு மல்லுக்கட்டுவதை விட இவை ஆயிரம் மடங்கு மேல்தான். எஸ்டியின் லைப்ரரி அந்த நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான சிப்களுக்கு நடுவே மாறுவதை எளிதாக்குகிறது. ஆனால் நிறுவனத்தின் எல்லையோடு அந்த உதவி நின்றுவிடும்.

பெயர்தானே வேறு, தேடி மாற்றிவிடலாமே என்று தோன்றும். பெயர் மட்டும் வேறாக இருந்தால் பிரச்சினையே இல்லை. நடத்தை வேறு. சீரியல் போர்ட்டில் நூறு பைட் அனுப்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டியின் சாதாரண டிரான்ஸ்மிட் ஃபங்ஷன் கடைசி பைட் போகும்வரை திரும்பாது. மில்லி வினாடியில் ஒரு டைம்அவுட்டும் கேட்கும். ஐடிஎஃப்பில் டிரான்ஸ்மிட் பஃபர் ஒன்றை அமைத்திருந்தால், தரவை அதில் போட்டுவிட்டு ஃபங்ஷன் திரும்பிவிடும். உண்மையான அனுப்புதல் பின்னணியில் இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறித்து பிராசஸரை அழைக்கும் சமிக்ஞை) வழியாக நடக்கும். முதல் சிப்பில் 'அனுப்பு' முடிந்ததும் தூக்க நிலைக்குப் போன நிரல், இரண்டாவது சிப்பில் பாதிச் செய்தியோடு தூங்கிவிடலாம். ஒரு பொதுத் தரம் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: ஃபங்ஷன் திரும்பும்போது என்ன நடந்து முடிந்திருக்க வேண்டும், தவறு நேர்ந்தால் அதை எப்படிச் சொல்வது, ஒரே நேரத்தில் இருவர் கூப்பிட்டால் என்ன ஆகும். பெயர் வைப்பது அப்புறம்.

தரப்படுத்தலில் பெரிய முதல் அடியை எடுத்தது ஆர்ம். அப்போது சிப்பைத் தானே தயாரிக்காமல் வடிவமைப்பை மட்டும் விற்ற நிறுவனம் என்பதால் அதற்கு ஒரு சிறப்பான இடம் இருந்தது. கார்ட்டெக்ஸ்-எம் பிராசஸரை எஸ்டி, என்எக்ஸ்பி, நார்டிக் என்று பலரும் வாங்கித் தங்கள் சிப்களில் வைத்தார்கள். பிராசஸர் ஒன்று, ஆனால் ஒவ்வொருவரின் ஹெடர் ஃபைலும் ஒவ்வொரு விதம். 2008-இல் ஆர்ம் சிம்ஸிஸ் என்ற தரத்தை வெளியிட்டது. இன்டரப்டை ஆன் செய்வது, முன்னுரிமை கொடுப்பது, சிஸ்டிக் என்ற உள்டைமரை ஓட்டுவது, தொடக்கத்தில் கூப்பிட வேண்டிய ஃபங்ஷனின் பெயர், கிளாக் வேகத்தை வைத்திருக்கும் மாறியின் பெயர் எல்லாம் அதில் நிர்ணயமாயின. இன்று கார்ட்டெக்ஸ்-எம் சிப் எதை எடுத்தாலும் இந்தப் பகுதி ஒரே மாதிரி இருக்கிறது. பலர் இதை ஒரு தரமாகவே கவனிப்பதில்லை, அந்த அளவுக்கு அது வெற்றி.

ஆனால் சிம்ஸிஸின் மையப் பகுதி தொட்டது ஆர்ம் வடிவமைத்ததை மட்டும். இன்டரப்ட் கண்ட்ரோலர் ஆர்மின் வடிவமைப்பு. ஜிபிஐஓ, டைமர், ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) எல்லாம், அதாவது பெரிஃபெரல்கள் எனப்படும் துணைப் பகுதிகள், அந்தந்த சிப் நிறுவனத்தின் கைவண்ணம். ஆர்ம் வடிவமைத்த பகுதியிலும் சின்னச் சின்ன வேறுபாடுகள் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும்: மேலே சொன்ன எஸ்டி சிப்களில் இன்டரப்டுக்கு 16 முன்னுரிமை நிலைகள், கார்ட்டெக்ஸ்-எம்0 வகையில் 4 மட்டும். ஃபங்ஷன் பெயர் ஒன்றாக இருந்தாலும் முன்னுரிமை 5 என்று கொடுப்பதற்கு இரண்டிலும் ஒரே பொருள் இல்லை.

பெரிஃபெரல்களுக்கும் ஒரு பொது முகம் கொடுக்க சிம்ஸிஸ்-டிரைவர் என்ற பகுதி வந்தது. யுஎஸ்ஏஆர்டி, எஸ்பிஐ, ஐ2சி, ஈதர்நெட், யுஎஸ்பி என்ற தொடர்பு முறைகள் ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷன் பாயிண்டர்கள் (ஒரு ஃபங்ஷன் இருக்கும் இடத்தைச் சொல்பவை) அடங்கிய ஸ்ட்ரக்ட் என்ற ஒரு தொகுப்பு: தொடங்கு, மின்சாரத்தைக் கட்டுப்படுத்து, அனுப்பு, பெறு, நிலையைச் சொல். வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் முதலில் தொடும் ஜிபிஐஓ அதில் நெடுங்காலம் இல்லவே இல்லை. சிம்ஸிஸ் 6-ஆம் பதிப்பில்தான் வந்தது. ஈதர்நெட்டைத் தரப்படுத்தியவர்கள் ஒரு பின்னை ஆன் செய்வதைத் தரப்படுத்தத் தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன்.

சிம்ஸிஸ் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது எஸ்விடி ஃபைல்கள். ஒரு சிப்பில் என்னென்ன பெரிஃபெரல்கள், எந்த முகவரியில், ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் எந்த பிட் எதற்கு என்பதை எக்ஸ்எம்எல்லில் எழுதிவைக்கும் முறை அது. டேட்டாஷீட்டில் மனிதர் படிக்க வேண்டியதை இயந்திரம் படிக்கும்படி ஆக்கிவிட்டது. டீபக்கரில் ரெஜிஸ்டர்களைப் பெயரோடு பார்ப்பது இதனால்தான் முடிகிறது. அந்த ஃபைல்களிலிருந்தே ஒரு மொழியின் முழு ரெஜிஸ்டர் லைப்ரரியையும் தானாக உருவாக்கிக்கொள்ளவும் முடியும். ரஸ்ட் மொழிக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள்.

இதற்கிடையில், எந்தக் குழுவும் கூடிப் பேசாமலேயே ஒரு தரம் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. ஆர்டுயினோ. 2005-இல் இத்தாலியின் இவ்ரியாவில் மாணவர்களுக்காகத் தொடங்கியது. அதன் ஃபங்ஷன்கள் அதற்கு முந்தைய வயரிங் என்ற திட்டத்திலிருந்து வந்தவை. பின்மோட், டிஜிட்டல்ரைட், அனலாக்ரீட். ஏவிஆர் என்ற 8-பிட் சிப்புக்காக எழுதப்பட்ட இந்தப் பெயர்கள் இன்று ஆர்ம், இஎஸ்பி32, ரிஸ்க்-ஃபைவ் என எதன் மேலும் ஓடுகின்றன. ஒரு புதிய சென்சார் சந்தைக்கு வந்தால் அதற்கான ஆர்டுயினோ லைப்ரரி கூடவே வந்துவிடுகிறது. தொழில்முறைப் பொறியாளர்கள் பலர் ஆர்டுயினோவை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரவலின் அளவில் பார்த்தால், இதுவரை வந்த ஹால்களில் மிக வெற்றிகரமானவற்றில் அது ஒன்று.

அதன் விலையையும் பார்ப்போம். ஆர்டுயினோ ஊனோவில் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328பி சிப்பில், ஒரு பின்னை ஆன் செய்ய எஸ்பிஐ என்றே பெயர் கொண்ட ஒற்றை மெஷின் கட்டளை போதும் (பஸ் எஸ்பிஐக்கும் இதற்கும் தொடர்பில்லை). இரண்டு கிளாக் சுழற்சி, அதாவது 125 நானோ வினாடி. டிஜிட்டல்ரைட்டுக்குச் சில மைக்ரோ வினாடிகள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? அந்த ஃபங்ஷன் 13 என்ற எண்ணைக் கொண்டு ஓர் அட்டவணையில் போர்ட்டைத் தேடுகிறது, இன்னொன்றில் பிட்டை, மூன்றாவதில் டைமரை. அந்தப் பின்னில் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து சராசரி அளவைக் கட்டுப்படுத்தும் முறை) ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துகிறது. இன்டரப்டுகளை மூடி, போர்ட்டைப் படித்து, மாற்றி எழுதி, இன்டரப்டுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. எதுவும் வீண் வேலை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு புதியவர் விழக்கூடிய குழியை மூடுகிறது. எல்இடியைச் சிமிட்டுவதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு டிஸ்ப்ளேவுக்குப் பிட் பிட்டாகத் தரவைத் தள்ளும்போது எல்லாமே இதுதான்.

வேகத்தை விட ஆழமான வேறொரு விஷயம் இருக்கிறது. ஆர்டுயினோ எளிதாக இருப்பதற்குக் காரணம், அமைப்பு சார்ந்த முடிவுகளை அது உங்களுக்குப் பதிலாக எடுத்துவிட்டது. கிளாக் எவ்வளவு, பிடபிள்யூஎம் எந்த அதிர்வெண்ணில், ஏடிசி எத்தனை பிட் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அனலாக்ரீட் 0 முதல் 1023 வரை தரும், ஏனென்றால் ஏவிஆரின் ஏடிசி 10 பிட். பிறகு வந்த ஆர்டுயினோ டியூவில் ஏடிசி 12 பிட். ஆனாலும் பழைய நிரல்கள் உடையக்கூடாது என்று அது இயல்பாக 10 பிட்டே தருகிறது, முழுதும் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். முதல் சிப்பின் உடல்வாகு தரமாக உறைந்துபோய், பின்னால் வருபவர்கள் அதற்குள் தங்களை மடக்கிக்கொள்கிறார்கள்.

இனி மறுபக்கத்திலிருந்து, அதாவது சென்சார் டிரைவர் (சென்சாரோடு பேசும் நிரல்) எழுதுபவரின் இடத்திலிருந்து பார்க்கலாம். பாஷின் பிஎம்இ280 வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும் சின்ன சென்சார். அதனோடு பேசும் முறை எந்த மைக்ரோகண்ட்ரோலரையும் சார்ந்ததில்லை. ஐ2சி என்ற இரு கம்பி பஸ்ஸில் ஹெக்ஸ் 76 அல்லது 77 என்ற முகவரியில் இருக்கும். டி0 என்ற ரெஜிஸ்டரைப் படித்தால் ஹெக்ஸ் 60 என்று பதில் வர வேண்டும், 58 வந்தால் உங்கள் போர்டில் இருப்பது ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280. கேலிபரேஷன் எண்களைப் படிப்பது, வெப்பநிலையைக் கணக்கிட்டு அதைக் கொண்டு அழுத்தத்தைத் திருத்துவது எல்லாம் வெறும் கணக்கு. டிரைவருக்கு வெளியுலகிடமிருந்து வேண்டியது மூன்றே வசதிகள்: சில பைட்டுகளைப் படி, சில பைட்டுகளை எழுது, கொஞ்ச நேரம் காத்திரு. பாஷ் தரும் சி டிரைவர் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அந்த மூன்றுக்கும் ஃபங்ஷன் பாயிண்டர் கேட்கும். நீங்கள் உங்கள் சிப்புக்கு ஏற்றபடி எழுதி நிரப்ப வேண்டும்.

அழகான வடிவமைப்புதான், ஆனால் இது பாஷ் வகுத்த வடிவம். இன்னொரு நிறுவனத்தின் சென்சார் டிரைவர் அதே மூன்றை வேறு வரிசையில், வேறு அளபுருக்களோடு கேட்கும். 50 வகை சிப், 200 வகை சென்சார் என்று எடுத்துக்கொண்டால், பொதுத் தரம் இல்லாத உலகில் இணைப்பு நிரல்கள் 10,000 தேவைப்படும். நடுவே எல்லோரும் ஏற்கும் ஒரே வடிவம் இருந்தால் 250 போதும். தரம் என்பதன் முழுப் பொருளாதாரமும் இந்தப் பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் இடையிலான வித்தியாசத்தில் இருக்கிறது.

கவனித்துப் பாருங்கள், பிஎம்இ280 டிரைவர் கேட்ட மூன்றில் 'ஐ2சியைத் தொடங்கு' என்பது இல்லை. எந்தப் பின்கள், எவ்வளவு வேகம், எந்தக் கிளாக்கிலிருந்து என்று அது கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குப் புரியாது. தரப்படுத்துவதில் நான் மிக முக்கியம் என்று நினைக்கும் கோடு இங்கேதான் ஓடுகிறது. பெரிஃபெரலைப் பயன்படுத்துவது எல்லாச் சிப்பிலும் ஏறக்குறைய ஒன்றுபோல. பெரிஃபெரலை அமைப்பது எந்தச் சிப்பிலும் இன்னொன்று போல இல்லை. பைட்டை அனுப்புவது பொது. அந்தப் பைட் எந்தப் பின் வழியாகப் போகலாம், அந்தப் பின்னுக்கு எந்த மாற்று வேலை எண்ணைக் கொடுக்க வேண்டும், டிஎம்ஏ (பிராசஸர் இல்லாமலே தரவை நகர்த்தும் வசதி) வேண்டுமா என்பவை அந்தச் சிப்பின் சொந்தக் கதை. இரண்டையும் ஒரே தரத்துக்குள் அடைக்க முயன்றவர்கள் திணறியிருக்கிறார்கள். ஜிபிஐஓ சிம்ஸிஸ்-டிரைவருக்குள் வரத் தாமதமானதற்கும் இந்தக் கோட்டை வைத்துத்தான் நான் விளக்கம் காண்கிறேன்: ஒரு பின்னைப் பயன்படுத்துவது ஒரு வரி, அதை அமைப்பதுதான் முழு வேலையும்.

இந்தக் கோட்டை மிகத் தெளிவாகப் போட்டது ரஸ்ட் மொழியின் எம்பெடட்-ஹால். இது ஒரு லைப்ரரி என்பதை விட ஓர் ஒப்பந்தத் தொகுப்பு. 'அவுட்புட்பின் என்றால் உயர்த்தவும் தாழ்த்தவும் முடிய வேண்டும்', 'ஐ2சி என்றால் ஒரு முகவரியில் எழுதவும் படிக்கவும் முடிய வேண்டும்' என்று டிரெயிட் எனப்படும் ஒப்பந்தங்களாக எழுதியிருக்கிறது. அமைப்பது எப்படி என்று ஒரு சொல்கூட இல்லை, வேண்டுமென்றே. சிப் பக்கத்து லைப்ரரி எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளட்டும். அமைத்து முடித்ததும் கையில் வரும் பொருள் ஒப்பந்தத்தை நிறைவேற்றினால் போதும். டிரைவர் அந்தப் பொருளை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கும். எந்தச் சிப் என்பது கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடுவதால், நடுவில் இருக்கும் அடுக்கு பெரும்பாலும் கரைந்து நேரடி ரெஜிஸ்டர் எழுத்தாகிவிடும். ஆர்டுயினோ ஓடும் நேரத்தில் அட்டவணையில் தேடுவதை இங்கே கம்பைலர் முன்கூட்டியே தேடி முடித்துவிடுகிறது.

சின்ன விஷயம் போலத் தெரியும் ஒரு முடிவைப் பாருங்கள். பின்னை உயர்த்தும் ஃபங்ஷன் ஒரு ரிசல்ட்டைத் திருப்பித் தருகிறது, அதாவது தோல்வியடையலாம் என்கிறது. சிப்பின் சொந்தப் பின்னை உயர்த்துவதில் தோல்விக்கு இடமேது? ஆனால் அந்தப் பின் ஐ2சியில் தொங்கும் ஓர் எக்ஸ்பாண்டர் சிப்பின் பின்னாக இருந்தால், பஸ்ஸில் பதில் வராமல் போகலாம். பொது ஒப்பந்தம் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். எனவே எல்லோரும் தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டியதாகிறது, பெரும்பாலோருக்கு அது ஒருபோதும் நடக்காது என்றாலும். டிஜிட்டல்ரைட் எதையும் திருப்பித் தருவதில்லை. அங்கே எக்ஸ்பாண்டர் கழன்றுபோனால் நிரலுக்குத் தெரியவே தெரியாது.

எம்பெடட்-ஹால் 1.0 பதிப்பு 2024 ஜனவரியில்தான் வந்தது. முதல் வெளியீடுகளுக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். அந்தத் தாமதத்தில் எஸ்பிஐ பற்றிய கதை ஒன்று இருக்கிறது, தரப்படுத்தல் எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எஸ்பிஐ பஸ்ஸில் மூன்று கம்பிகள் எல்லோருக்கும் பொது: கிளாக், போகும் தரவு, வரும் தரவு. ஒவ்வொரு சாதனத்துக்கும் சிப் செலக்ட் என்று தனியாக ஒரு கம்பி. யாருடைய சிப் செலக்ட் தாழ்ந்திருக்கிறதோ அவர் மட்டும் கேட்பார். பழைய 0.2 பதிப்பில் எஸ்பிஐ ஒப்பந்தம் 'பைட்டுகளை அனுப்பு, பெறு' என்பதோடு நின்றது. சிப் செலக்ட் பற்றிப் பேசவில்லை. எனவே ஒவ்வொரு டிரைவரும் பஸ் முழுவதையும் தன் வசம் வாங்கிக்கொண்டு, சிப் செலக்ட் பின்னையும் தானே ஆட்டியது. ஒரு பஸ்ஸில் ஒரு சாதனம் இருந்தவரை ஒழுங்காக ஓடியது. டிஸ்ப்ளேவும் ஃபிளாஷ் மெமரியும் ஒரே பஸ்ஸில் வந்தால்? பஸ்ஸை ஒருவர் கேட்கும்போது இன்னொருவர் பாதி உரையாடலில் இருக்கலாம். டிஸ்ப்ளேவின் சிப் செலக்ட் தாழ்ந்தபடி இருக்க, இன்டரப்டிலிருந்து ஃபிளாஷ் டிரைவர் பேசத் தொடங்கினால், ஃபிளாஷுக்கான பைட்டுகள் திரையில் குப்பையாக வந்து விழும்.

1.0-இல் இதை இரண்டாகப் பிரித்தார்கள். எஸ்பிஐபஸ் என்பது மூன்று கம்பிகள் மட்டும். எஸ்பிஐடிவைஸ் என்பது பஸ்ஸும் ஒரு சிப் செலக்டும் சேர்ந்தது. அதனிடம் ஒரு முழு உரையாடலை, அதாவது எழுது, படி, இத்தனை நேரம் பொறு என்ற வரிசையை, மொத்தமாக ஒப்படைக்க வேண்டும். அது பஸ்ஸைப் பூட்டும், சிப் செலக்டைத் தாழ்த்தும், வரிசையை நடத்தும், உயர்த்தும், பூட்டைத் திறக்கும். சாதாரண டிரைவர்கள் எஸ்பிஐடிவைஸை மட்டும் கேட்டால் போதும். ஆர்டுயினோவும் வேறு வழியில் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது: பிகின்டிரான்சாக்‌ஷன், எண்ட்டிரான்சாக்‌ஷன் என்ற ஃபங்ஷன்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை. இரண்டு லைப்ரரிகள் ஒருவர் வைத்த வேகத்தையும் மோடையும் இன்னொருவர் கலைத்துக்கொண்டே இருந்ததுதான் அங்கே காரணம்.

இவ்வளவு யோசித்தும் ஓட்டை முழுதாக அடைபடவில்லை. கேமராக்களில் போடும் எஸ்டி மெமரி கார்டைத் (எஸ்டி நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) தொடங்கும்போது, சிப் செலக்ட் உயர்ந்த நிலையில் இருக்க, குறைந்தது 74 கிளாக் துடிப்புகளை அனுப்ப வேண்டும் என்கிறது அந்தக் கார்டின் விதி. எஸ்பிஐடிவைஸோ சிப் செலக்டைத் தாழ்த்தாமல் ஒரு துடிப்பும் அனுப்பாது. ஆகவே எஸ்டி கார்டைப் பயன்படுத்துபவர் அந்தத் துடிப்புகளை மட்டும் பஸ்ஸைச் சாதனமாக மாற்றுவதற்கு முன்பே தனியாக அனுப்பிக்கொள்ள வேண்டும். இது வடிவமைத்தவர்களின் அலட்சியம் இல்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது சாதனங்களைப் பாதுகாக்கும் விதி ஒன்றே ஒன்றுக்கு இடைஞ்சலாகிறது; அந்த ஒன்றுக்காக விதியைத் தளர்த்தினால் பாதுகாப்பு போய்விடும்.

1.0-க்குப் போகும்போது எதையெல்லாம் நீக்கினார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. டைமருக்கான டிரெயிட்டும் ஏடிசிக்கான டிரெயிட்டும் வெளியேறின. வேண்டாதவை என்பதால் அல்ல. டைமர்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு மாறுபட்டவை. ஏடிசி ஒரு அளவு எடுப்பதா, தொடர்ந்து எடுப்பதா, டிஎம்ஏ வழியாகவா என்பதில் எல்லோரும் ஏற்கும் வடிவம் கிடைக்கவில்லை. அரைகுறை ஒப்பந்தத்தை 1.0 என்று உறையவைப்பதை விட இல்லாமலே இருப்பது மேல் என்று முடிவெடுத்தார்கள். சரியான முடிவு என்பேன். ஆர்டுயினோவின் 10 பிட் அனுபவம் கண்முன்னே இருந்தது.

சரி, அமைப்பு என்று ஒதுக்கிய பகுதியை யார் பார்ப்பது? இங்கே செஃபிர் வேறொரு பதில் தருகிறது. 2016-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்த இந்த இயங்குதளம், அமைப்பை நிரலிலிருந்து எடுத்துத் தரவாக்கிவிட்டது. போர்டில் எந்தப் பின்னில் எல்இடி, எந்த ஐ2சியில் எந்த சென்சார், எந்த முகவரி என்பதெல்லாம் டிவைஸ்ட்ரீ என்ற ஃபைலில் இருக்கும். லினக்ஸ் இதே வகை ஃபைலை பூட் ஆகும்போது படிக்கும். சில கிலோபைட் மெமரி மட்டுமே உள்ள சிப்பில் அது கட்டுப்படியாகாது என்பதால் செஃபிர் கம்பைல் நேரத்திலேயே அதை மேக்ரோக்களாக மாற்றிக்கொள்கிறது. எல்இடி எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருந்தால், அதாவது பின் தாழ்ந்தால்தான் எரியும் என்றால், அந்தச் செய்தியும் டிவைஸ்ட்ரீயில் போய்விடும். நிரல் '1' என்று சொன்னால் 'எரி' என்று பொருள். மின்னழுத்தம் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று நிரலுக்குத் தெரிய வேண்டியதில்லை. போர்டு மாறினால் ஃபைல் மாறும், நிரல் அப்படியே இருக்கும். இதற்குக் கட்டணம், கற்றுக்கொள்ளும் சிரமம். டிவைஸ்ட்ரீயில் ஓர் எழுத்துப் பிழை செய்தால் வரும் மேக்ரோ பிழைச்செய்தி பக்கம் பக்கமாக நீளும். புதியவர்கள் அங்கேயே பின்வாங்குகிறார்கள்.

வாகனத் துறைக்காக 2003-இல் தொடங்கிய ஆட்டோசார் என்ற மென்பொருள் தரத்திலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. அதன் கீழடுக்கில் பின்களை அமைக்க 'போர்ட்' என்று ஒரு மாட்யூல், அமைத்த பின்னில் படிக்கவும் எழுதவும் 'டிஐஓ' என்று இன்னொரு மாட்யூல். அமைப்பு முழுதும் எக்ஸ்எம்எல்லில் எழுதப்பட்டு, அதிலிருந்து சி நிரல் தானாக உருவாகும். கனமான ஏற்பாடு, கார் அல்லாத வேலைக்கு யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பொதுத் தரத்தை எவ்வளவு நம்பலாம் என்றால், சிப்பின் தனித்திறமை தேவைப்படும் இடம்வரைதான். ராஸ்பெரி பை பைக்கோவின் ஆர்பி2040 சிப்பில் பிஐஓ என்று எட்டு குட்டி ஸ்டேட் மெஷின்கள் இருக்கின்றன. பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தாமாகவே ஒரு புரோட்டோகாலை ஓட்டும். எஸ்டிஎம்32-இன் மேம்பட்ட டைமர்கள் மோட்டாருக்கான இணை அவுட்புட்களை, இடையே டெட்டைம் (இரண்டும் ஆஃபாக இருக்கும் சிறு இடைவெளி) விட்டு, ஹார்டுவேரிலேயே உருவாக்கும். எந்தப் பொது ஹாலிலும் இவற்றுக்கு நேரான இடம் கிடையாது. அந்தச் சிப்பை வாங்கியதே இதற்காக என்னும்போது, பொது அடுக்குக்காக இதை விட்டுக்கொடுப்பது அபத்தம். நல்ல ஹால் தனக்குக் கீழே இறங்கிப் போக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நிரலின் 90 சதவீதம் பொது அடுக்கின் மேல், மோட்டாரை ஓட்டும் ஒரு ஃபைல் மட்டும் நேரடியாக ரெஜிஸ்டர் மேல் என்று இருப்பதில் எந்தத் தவறும் இல்லை. எது எங்கே என்று தெளிவாகப் பிரித்து வைத்திருந்தால் போதும்.

எந்த ஒப்பந்தத்துக்குள்ளும் வராமல் கசியும் விஷயங்களும் உண்டு. முதல் தலைமுறை இஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரையிலான பின்கள் இன்புட் மட்டும்தான், உள்ளே புல்அப்பும் (பின்னை உயர்ந்த நிலையில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. அங்கே பட்டனை வைத்துவிட்டு, எல்லாச் சிப்பிலும் ஓடும் அதே நிரலை ஏற்றினால் பட்டன் தன்னிச்சையாக அழுந்துவது போலத் தெரியும். ஊனோவின் பின் 5 வோல்ட் தரும், டியூவின் பின் 3.3 வோல்ட்தான் தாங்கும். ஏவிஆரில் இன்ட் என்ற முழுஎண் வகை 16 பிட், ஆர்மில் 32. ஒரு வினாடியில் எத்தனை மைக்ரோ வினாடி என்று பெருக்கும் நிரல், முதலாவதில் நிரம்பி வழிந்துவிடும்.

சிப் மாற்றுவது அடிக்கடி நடக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. 2021 வாக்கில் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்தபோது, வடிவமைத்த சிப் கிடைக்காமல் கிடைத்த சிப்புக்கு நிரலை மாற்ற வேண்டிய நிலை பல உற்பத்தியாளர்களுக்கு வந்தது. ஆனால் அப்படி ஒரு நெருக்கடியே வராவிட்டாலும் பொது ஒப்பந்தத்தின் மேல் எழுதுவதில் ஒரு லாபம் தினமும் கிடைக்கிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்றும் பொருள் சிப்பாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் கணினியில் ஓடும் ஒரு போலி ஐ2சியாக இருக்கலாம். 'டி0-வைப் படித்தால் 60 கொடு, மூன்றாவது முறை படிக்கும்போது தோல்வி அடை' என்று அதற்குச் சொல்லிவைத்து, டிரைவர் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கலாம். போர்டில் இதே சோதனையைச் செய்ய, சரியான நொடியில் ஒரு கம்பியைப் பிடுங்க வேண்டும். நிரல் மாறும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான சோதனைகளைச் சில வினாடிகளில் ஓட்டிவிடலாம் என்பது, என்னைப் பொறுத்தவரை, சிப் மாற்றும் வசதியை விடப் பெரிய காரணம்.

தரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தொழில்நுட்பத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது: அதைத் தாங்கிப் பிடிப்பவர் யார். ஆர்ம் 2009-இல் தொடங்கிய எம்பெட் இதற்கு உதாரணம். நல்ல வடிவமைப்பு, சுத்தமான சி++ வகுப்புகள், பல நிறுவனங்களின் போர்டுகளுக்கு ஆதரவு. ஆர்டுயினோவே தன் சில போர்டுகளின் அடித்தளமாக அதை வைத்துக்கொண்டது. 2024-இல் ஆர்ம், எம்பெட்டுக்கான தன் ஆதரவு 2026 ஜூலையோடு முடிவதாக அறிவித்தது. மூல நிரல் திறந்தே இருக்கிறது, ஒரு சமூகக் கிளையும் அதைப் பேணுகிறது. ஆனாலும் அதன் மேல் பொருட்களைக் கட்டியவர்கள் இடம்பெயர வேண்டியிருக்கிறது. ஆர்டுயினோ தன் அந்தப் போர்டுகளைச் செஃபிருக்கு நகர்த்துவதாகச் சொன்னது. பின்மோட், டிஜிட்டல்ரைட் என்ற மேல்முகம் மாறாமல் இருப்பதால், அந்தப் போர்டுகளுக்கு எழுதிய ஸ்கெட்ச்களில் (ஆர்டுயினோ நிரல்களில்) பெரும்பாலானவை அடித்தளம் முழுதாக மாறியதை அறியாமலே ஓட வேண்டும். எம்பெட்டின் வகுப்புகளை நேரடியாகக் கூப்பிட்டு எழுதியவற்றைத்தான் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும்.